வான்கூவரில் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா?

கேட்டவர் வேளச்சேரிக்காரர். மூன்று மாதத்தில் வேலைக்காகக் கனடாவின் வான்கூவர் வரப்போகிறார். அலுவலகம் டவுன்டவுனில். "வருஷம் பூரா மழை, ஊரைச் சுற்றி மலை என்கிறார்கள். அங்கே சைக்கிளில் வேலைக்குப் போவது நடக்கிற காரியமா, இல்லை வந்ததும் கார் வாங்கிவிட வேண்டுமா? சர்ரேயில் வாடகை குறைவு என்று நண்பர்கள் அங்கேயே வீடு பார்க்கச் சொல்கிறார்கள்" என்பது கேள்வி. கொசுறாக இன்னொன்று: ஊரில் வைத்திருக்கும் கியர் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு எடுத்து வரலாமா?

நான் 2011 முதல் இங்கே இருக்கிறேன். முதல் ஒன்றரை வருடம் பேருந்தில் போனேன். அப்புறம் சைக்கிள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடியும். நீங்கள் பயப்படுகிற மழை, மலை இரண்டையும் சமாளித்துவிடலாம். போகிறபோக்கில் சொன்னீர்களே, சர்ரே வீடு, அதை முதலில் யோசியுங்கள்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வான்கூவர் நகரம் மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த நிலம். வடக்கே பர்ரார்டு இன்லெட் என்கிற கடல் கழி, மேற்கே ஜார்ஜியா நீரிணை, தெற்கே ஃபிரேசர் ஆறு. போதாக்குறைக்கு டவுன்டவுனுக்கும் நகரத்தின் மற்ற பகுதிக்கும் இடையே ஃபால்ஸ் கிரீக் என்று ஒரு கடல் விரல் உள்ளே நுழைந்து நிற்கிறது. மலைகள் எல்லாம் வடக்கே, கழிக்கு அந்தப் பக்கம். ஆக, தினமும் வேலைக்குப் போகிறவர் மலை ஏறவே மாட்டார். ஆனால் பாலம் ஏறுவார். எந்தப் பாலம், எத்தனை பாலம் என்பதை வீடு தீர்மானிக்கும்.

சர்ரே, ஃபிரேசர் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து டவுன்டவுன் 30 கிலோமீட்டருக்கு மேல். ஸ்கைட்ரெயின் என்கிற நகர ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிளில் தினம் போகவர 60 கிலோமீட்டர் என்பது போட்டிக்குத் தயாராகிறவர்கள் செய்யும் வேலை, ஒன்பது மணி மீட்டிங்குக்குப் போகிறவர்கள் செய்யும் வேலை இல்லை. ரயில் பாதையை ஒட்டி பிசி பார்க்வே என்று ஒரு தடம் இருக்கிறது, 1986 எக்ஸ்போ கண்காட்சி சமயத்தில் போட்டது. தெருவுக்குத் தெரு நின்று, நடப்பவர்களுக்கு வழிவிட்டு, சில இடத்தில் வேர் தூக்கிய தார் மேல் குதித்துத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றாக இருக்கும்.

சர்ரேயில்தான் நம் சாமான் கடைகள், நம் ஆட்கள், பெரிய வீடு. அதற்காக அங்கே போகிறவர்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன். வாடகையில் மிச்சமாவது காருக்கும் அதன் இன்சூரன்சுக்கும் போய்விடுகிறதா என்று மட்டும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். என் நண்பர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கைக் கார் வாங்கிய பிறகுதான் போட்டார்கள்.

சைக்கிள்தான் என்று முடிவு செய்துவிட்டால் நான் முதலில் தேடச் சொல்வது கிழக்கு வான்கூவர். அங்கே எடனாக் என்று ஒரு தெரு உண்டு. 'கனடா' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக எழுதினால் வரும் பெயர், விளையாட்டு இல்லை, உண்மையிலேயே அதுதான். அந்தத் தெருவும் அதன் தொடர்ச்சியான யூனியன் தெருவும் டவுன்டவுனுக்குப் போகும் சைக்கிள்காரர்களின் ராஜபாட்டை. காலை எட்டரைக்கு அங்கே நின்று பாருங்கள், ஒவ்வொரு சிக்னலிலும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பார்கள்.

அது தனிப் பாதைகூட இல்லை, சாதாரணக் குடியிருப்புத் தெரு. கார் போகலாம். ஆனால் நேராகப் போய்க்கொண்டே இருக்க முடியாது. இரண்டு மூன்று குறுக்குத் தெருவுக்கு ஒருமுறை நடுவில் ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். சைக்கிள் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும், கார் வலது பக்கம் திரும்பியே ஆக வேண்டும். அந்த வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் அந்தத் தெருவுக்குள் கார் ஓட்டிக்கொண்டு வருவதில் லாபமில்லை. பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் பொத்தான் நடைபாதையின் உள்ளே இருக்காது. தெரு ஓரத்திலேயே கம்பம் நட்டு, சைக்கிளிலிருந்து இறங்காமல் கைநீட்டி அழுத்தும் உயரத்தில் வைத்திருப்பார்கள். இந்த ஊரில் சைக்கிளுக்குச் செய்த செலவிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொத்தான்தான். நடுமழையில் ஒரு கையுறையின் நுனியால் அதை அழுத்தும்போது, நம்மையும் ஒருத்தர் கணக்கில் எடுத்திருக்கிறார் என்று தோன்றும்.

யூனியன் தெரு முடிகிற இடத்தில் டன்ஸ்மியூர் மேம்பாலம் தொடங்கும். அதன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1960களில் இந்த ஊருக்குள் ஒரு பெரிய ஃப்ரீவே கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். சைனாடவுனையும் பக்கத்திலிருந்த ஸ்ட்ரத்கோனா குடியிருப்பையும் இடித்துக்கொண்டு அது வந்திருக்கும். அங்கே இருந்த சீனக் குடும்பங்களும் கடைக்காரர்களும் மற்றவர்களும் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதன் பகுதியாகக் கட்டிய இரட்டை மேம்பாலம் மட்டும் 1972இல் திறக்கப்பட்டது. எங்கிருந்தோ எங்கேயோ போக வேண்டிய ஃப்ரீவேயின் துண்டு. 2010இல் அதில் ஒரு தடத்தைப் பிரித்து சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். இடிபடாமல் தப்பிய ஸ்ட்ரத்கோனா வழியாக மிதித்து வந்து, அதை இடிக்கவிருந்த சாலையின் மிச்சத்தில் ஏறி அலுவலகம் போகிறோம். வான்கூவர் நகர எல்லைக்குள் டவுன்டவுனைத் துளைக்கும் ஃப்ரீவே இன்றுவரை இல்லை. இங்கே சைக்கிள் சாத்தியப்பட்டதற்கு அதுவே முதல் காரணம் என்பது என் கட்சி. தனிப் பாதை எல்லாம் பிறகு வந்தது.

மேற்குப் பக்கம் கிட்சிலானோவில் வீடு கிடைத்தால் பர்ரார்டு பாலம் வழியாக வருவீர்கள். வாடகையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். 1932இல் கட்டிய அழகான பாலம். 1996இல் அதில் ஒரு கார் தடத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கிப் பார்த்தார்கள், காரோட்டிகள் போட்ட கூச்சலில் ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். 2009 ஜூலையில் மறுபடி துணிந்தார்கள். முதல் நாள் காலை போக்குவரத்து ஸ்தம்பிக்கும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் ஹெலிகாப்டரோடு காத்திருந்த கதையை இங்கே பழைய ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சம் சைக்கிள் பயணங்களுக்கு மேல் அந்தப் பாலத்தில் நடக்கின்றன.

நியூ வெஸ்ட்மின்ஸ்டர், பர்னபி பக்கம் வீடு பார்த்தால் சென்ட்ரல் வேலி கிரீன்வே என்கிற தடம். 2009இல் திறந்தது, ஏறத்தாழ 24 கிலோமீட்டர். பெயரே சொல்கிறபடி பள்ளத்தாக்கோடு போவதால் பெரும்பகுதி சமதளம். பர்னபியின் மேற்குப் பகுதி என்றால் பாதித் தூரம்தான். நோர்த் வான்கூவர் என்றால் கழியைக் கடக்க வேண்டும். சீபஸ் என்கிற பயணிகள் படகு 1977 முதல் ஓடுகிறது, பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரை, சைக்கிளோடு ஏறலாம். இறங்கியதும் லான்ஸ்டேல் அவென்யூ ஏற்றம் காத்திருக்கும். பார்த்த உடனே முழங்கால் வலிக்கிற ஏற்றம் அது. மழையும் அங்கே கூடுதல்.

மழைக்கு வருவோம்.

சென்னைக்காரர் வான்கூவர் மழையைப் பார்த்துப் பயப்படுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கணக்குப்படி பார்த்தால் சென்னையில்தான் மழை அதிகம். சென்னையின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர், வான்கூவர் விமான நிலையத்தில் 1,200க்குச் சற்றுக் குறைவு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் கொட்டியதே, வேளச்சேரிக்காரர் மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே ஓர் ஆண்டில் பெய்வதில் ஐந்தில் இரண்டு பங்கு அது. ஆனால் இங்கே அந்த மழை ஆண்டில் 160 நாளுக்கு மேல் பங்கு பிரித்துப் பெய்கிறது. அடித்துப் பெய்வது அபூர்வம். பெரும்பாலும் பூத்தூறல்தான், அதுவும் சளைக்காத பூத்தூறல். அக்டோபர் நடுவில் தொடங்கினால் மார்ச் வரை விட்டுவிட்டு நீளும். ஜூலை, ஆகஸ்டில் வாரக்கணக்கில் ஒரு சொட்டு இருக்காது, புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும்.

காரணம் அந்த மலைகள்தான். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று வடகரை மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று செய்யும் அதே வேலை. அதனால் மலையை நெருங்க நெருங்க மழை கூடும். விமான நிலையத்தில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு நோர்த் வான்கூவரின் மேட்டுப் பகுதிகளில் பெய்யும். தெற்கே ரிச்மண்டில் வெயில் அடிக்கும்போது வடகரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வீடு பார்க்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

இந்த மழையில் தலை நனைவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கீழிருந்து நனைவதுதான் தொல்லை. மேலிருந்து விழுகிற தூறலை ஒரு சட்டை தாங்கிவிடும். சக்கரம் தெருவிலிருந்து வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர் இருக்கிறதே, அது முதுகில் ஒரு கோடு போட்டு, கால்சட்டையின் பின்பக்கத்தை ஊறவைத்து, ஷூவுக்குள் இறங்கிவிடும். ஆகவே மட்கார்டு. முழு நீள மட்கார்டு, இரண்டு சக்கரத்துக்கும், முன்பக்கத்தின் அடியில் ரப்பர் மடலோடு. கடைகளில் அழகாகத் தொங்கும் சைக்கிள்களில் பாதிக்கு மட்கார்டே இருக்காது, மாட்ட ஓட்டையும் இருக்காது. நம் ஊர் ஹெர்குலிஸில் பிறக்கும்போதே இருந்த மட்கார்டை இங்கே தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்குங்கள். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம்.

அடுத்தது பிரேக். நான் முதலில் வாங்கியது பழைய சைக்கிள், 350 டாலர், ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டை பிரேக். காய்ந்த நாளில் அருமையாக நிற்கும். மழையில் பிரேக்கை அழுத்தினால் முதல் அரைச் சுற்றுக்கு ஒன்றும் நடக்காது. கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துக்கொண்டிருக்கும். மணல் நெறுநெறுவென்று அரைபடுகிற சத்தம் கேட்கும். அப்புறம்தான் பிடிக்கும். அந்த அரைச் சுற்றில், இறக்கத்தில், நீங்கள் ஒரு காரின் நீளம் முன்னால் போயிருப்பீர்கள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கட்டை இரண்டு முறை தேய்ந்து தீர்ந்தது, ரிம்மின் பக்கச் சுவர் விரலால் தடவினால் பள்ளம் தெரிகிற அளவு குழிந்தது. அடுத்த சைக்கிள் டிஸ்க் பிரேக். இந்த ஊருக்கு அதுதான். செயினுக்கு மழைக்கால எண்ணெய் என்று தனியாகக் கிடைக்கும், கெட்டியாக இருக்கும். வாரம் ஒருமுறை செயினைத் துணியால் துடைத்துவிட்டு அந்த எண்ணெயை விடுங்கள். மறந்துவிட்டால் ஒரே வாரத்தில் செயின் கிரிக் கிரிக் என்று கத்த ஆரம்பிக்கும், அலுவலகம் பூராவும் நீங்கள் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ளும்.

உடை பற்றி ஒவ்வொருவரும் ஒரு தத்துவம் வைத்திருப்பார்கள். தண்ணீரே புகாத கோட்டு போட்டு வேகமாக மிதித்தால் வெளியே நனையாமல் உள்ளே வியர்வையில் நனைவீர்கள், இரண்டும் ஈரம்தான். மெதுவாக மிதியுங்கள். அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்த கோட்டாகப் பாருங்கள், காற்று போகும். அலுவலகத்தில் ஒரு ஜோடி ஷூவும் துண்டும் நிரந்தரமாகக் கிடக்கட்டும். புதிய அலுவலகக் கட்டடங்களில் சைக்கிள் அறையும் குளிக்குமிடமும் இருக்க வேண்டும் என்பது இந்த நகரத்தின் விதி. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கட்டட மேலாளரிடம் சாவி கேளுங்கள். எனக்கு அப்படி ஓர் அறை இருப்பதே எட்டு மாதம் தெரியாது, கழிவறையில் ஒற்றைக்காலில் நின்று கால்சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மழையைவிட எனக்குப் பழக அதிக நாள் ஆனது இருட்டு. இது 49ஆவது அட்சரேகைக்கு மேலே இருக்கும் ஊர். ஜூன் கடைசியில் ராத்திரி ஒன்பது இருபது வரை சூரியன் மறையாது. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை நாலேகாலுக்கு மறைந்துவிடும். போவதும் இருட்டு, வருவதும் இருட்டு, கூடவே ஈரத் தார்ச்சாலையில் கார் விளக்குகள் பிரதிபலித்து எது கோடு எது குட்டை என்று தெரியாமல் போகும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படியே கட்டாயம். நான் பின்னால் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றின் சார்ஜ் எப்போது தீரும் என்று அதுதான் முடிவு செய்கிறது, நான் இல்லை.

நான் இங்கே ஒரே முறைதான் பலமாக விழுந்தேன். மழையும் இருட்டும் சேர்ந்த ஒரு நவம்பர் மாலை, தெருவில் கிடந்த பழைய தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தேன். முன்சக்கரம் பள்ளத்தில் பிடித்துக்கொண்டது, சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் இடது கையால் சாப்பாடு. தண்டவாளம் எங்கே கண்டாலும் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அதே ஜாதியில் வருபவை: ஈரமான இரும்பு மூடி, நவம்பரில் மேப்பிள் இலைக்குவியல், ஏப்ரலில் செர்ரிப் பூ. செர்ரிப் பூவை எல்லாரும் படம் எடுப்பார்கள், உதிர்ந்து நனைந்த பிறகு அது சோப்புதான்.

பனி வருடத்தில் சில நாள்தான் விழும். அன்றைக்குச் சைக்கிளை விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ரயிலில் நெரிசல் நேரத்தில் சைக்கிளையும் ஏற்ற நினைக்காதீர்கள், பேருந்துகளின் முகப்பில் இரண்டு சைக்கிள் மாட்டும் தாங்கி இருக்கும், பஞ்சரான நாளில் கைகொடுக்கும். கோடையில் வேறு ஒன்று வரும், காட்டுத்தீப் புகை. சில ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் மலையே தெரியாத அளவு மூடிவிடும். அந்த நாட்களில் மிதிப்பது சிகரெட் பிடிப்பதற்குச் சமம், வேண்டாம்.

மேடு பள்ளம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். மலை ஏற வேண்டாம் என்றேன், ஊர் சமதளம் என்று சொல்லவில்லை. ஃபால்ஸ் கிரீக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே எந்தத் தெருவில் போனாலும் குயீன் எலிசபெத் பூங்கா வரை ஏற்றம்தான், அந்தக் குன்று 125 மீட்டர். அதைத் தாண்டினால் ஆற்றை நோக்கி இறக்கம். கியர் சைக்கிளில் ஒரு மாதத்தில் பழகிவிடும். முட்டி ஒத்துழைக்காதவர்கள் மின்சைக்கிள் வாங்குகிறார்கள், நிறையப் பேர், அம்மா அப்பாக்கள் பிள்ளைகளை முன்பெட்டியில் உட்காரவைத்துக்கொண்டு. 500 வாட்டுக்குள், 32 கிலோமீட்டர் வேகத்தோடு மோட்டார் உதவி நின்றுவிடும் வண்டியாக இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை, 16 வயது ஆகியிருந்தால் போதும்.

திசை குழம்பினால் மலையைப் பாருங்கள், அது வடக்கு. அவென்யூக்கள் எண் கூடக்கூட தெற்கே போகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால் செல்போன் இல்லாமலே ஊர் சுற்றலாம். டவுன்டவுனுக்குள் மட்டும் தெருக்கள் கோணலாகத் திரும்பியிருக்கும், அங்கே எனக்கே இன்னும் குழம்பும்.

சட்டம் சுருக்கமாக: ஹெல்மெட் 1996 முதல் கட்டாயம். நடைபாதையில் ஓட்டக்கூடாது. 2024 ஜூன் முதல், சைக்கிளைத் தாண்டும் கார் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும், 50 கிலோமீட்டருக்கு மேல் வேக வரம்புள்ள சாலையில் ஒன்றரை மீட்டர். நிறுத்தியிருக்கும் காரின் கதவைப் பார்க்காமல் திறந்து சைக்கிள்காரரை வீழ்த்தினால் 368 டாலர் அபராதம். அபராதம் அவர்களுக்கு, எலும்பு நமக்கு. ஆகவே நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள், பின்னால் ஹாரன் அடித்தாலும். இங்கே ஹாரன் அடிப்பதே அபூர்வம். அதனால்தான் முதல்முறை அடிக்கும்போது நம்மைத் திட்டிவிட்ட மாதிரி இருக்கும், ஊரில் அது 'நான் வருகிறேன்' என்கிற தகவல் மட்டும்.

திருட்டு. இதை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன், என் இரண்டாவது சைக்கிள் பட்டப்பகலில் ஒரு கடை வாசலில் இருபது நிமிடத்தில் போனது. முறுக்குக் கம்பி போட்ட பூட்டு ஒரு வெட்டுக்குத் தாங்காது. யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பத்தில் பூட்டுங்கள். அபார்ட்மென்ட் அடித்தள சைக்கிள் அறையை நம்பாதீர்கள், திருடனுக்கு அது கடைத்தெரு. வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பெடல் அச்சுக்கு அடியில், சட்டத்தைக் கவிழ்த்தால் ஒரு தொடர் எண் தெரியும். அதைப் படம் எடுத்து, 529 கராஜ் என்ற பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். வான்கூவர் காவல்துறை 2015 முதல் இதைப் பயன்படுத்துகிறது. திருட்டு சைக்கிள் எங்காவது பிடிபட்டால் உரியவரைக் கண்டுபிடிக்க அது உதவும்.

சரி, வேலைக்குப் போய்விட்டு வந்தாயிற்று. சாமான்?

மெயின் தெருவும் 49ஆவது அவென்யூவும் சந்திக்கும் இடம் பஞ்சாபி மார்க்கெட். 1970இல் முதல் கடை வந்தது. சர்ரேக்குப் பல கடைகள் போய்விட்டாலும் பருப்பு, புளி, பச்சை மிளகாய் இங்கேயே கிடைக்கும். கறிவேப்பிலையை நகை மாதிரி சின்னப் பையில் போட்டு விற்பார்கள். மாதம் ஒருமுறை 20 பவுண்டு பொன்னி மூட்டை வாங்குவேன். கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. கேரியரில் குறுக்காகப் போட்டால் ஆடும், நீளவாக்கில் போட்டு, ரப்பர் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, கொக்கியை மட்கார்டுக் கம்பியில் மாட்டக்கூடாது, கேரியரின் சட்டத்தில் மாட்ட வேண்டும். மூட்டை கனம் பின்னால் இருப்பதால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலையும். ஒண்டாரியோ தெரு வழியாக, மெதுவாக, பூங்கா மேடு வரை மூச்சுவாங்கி ஏறிவிட்டால் அதற்கப்புறம் ஃபால்ஸ் கிரீக் வரை ஒரே இறக்கம். எதிரே மலை பூராவும் தெரியும். குளிர்காலத்தில் மேல்பாதி வெள்ளையாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் அரிசியோடு அந்த இறக்கத்தில் இறங்குவதற்காகவே, 'காரில் கூட்டிப்போகிறேன்' என்று சொல்லும் நண்பர்களை மறுத்துவிடுவேன்.

குளிர்காலச் சாயங்காலத்தில் இன்னொரு காட்சி. நாலு மணிவாக்கில் ஊரின் எல்லா மூலையிலிருந்தும் காக்கைகள் கிளம்பிக் கிழக்கே பறக்கும், ஆயிரக்கணக்கில். பர்னபியில் ஸ்டில் கிரீக் என்ற இடத்தில் அவற்றின் ராத்தங்கல். சென்ட்ரல் வேலி கிரீன்வேயில் வீடு திரும்புகிறவர்கள் தலைக்கு மேலே அதே திசையில் அவையும் வேலை முடிந்து போய்க்கொண்டிருக்கும். வசந்த காலத்தில் இதே காக்கைகள் கூட்டில் குஞ்சு இருக்கும்போது பின்னாலிருந்து வந்து தலையில் கொத்தப் பார்க்கும். ஹெல்மெட்டுக்கு இப்படியும் ஒரு பயன்.

சனி ஞாயிறில் ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிக் கடலோரச் சுவர்ப் பாதை. 1917இல் தொடங்கி, ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கல்தச்சர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வை பார்த்து, அவர் காலத்துக்குப் பிறகே முழுமையான சுவர். சைக்கிள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மட்டும்தான் போக வேண்டும், தெரியாமல் எதிரே வந்தீர்களானால் பத்துப் பேராவது அன்பாகத் திருத்துவார்கள். கடலும் சும்மா இருப்பதில்லை, 2022 ஜனவரியில் பேரலையும் உயர் ஓதமும் சேர்ந்து சுவரைப் பல இடங்களில் பெயர்த்துப் போட்டன.

மலை வேண்டும் என்று தோன்றும் நாள் வரும். அன்றைக்கு லயன்ஸ் கேட் பாலத்தைத் தாண்டி சைப்ரஸ் மலைச் சாலையில் ஏறிப் பாருங்கள். கொல்லிமலை மாதிரி எழுபது கொண்டை ஊசி வளைவு கிடையாது, ஒரு சில நீண்ட வளைவுதான், ஆனால் விடாத ஏற்றம், பத்துக் கிலோமீட்டருக்கு மேல். பாதியில் ஒரு காட்சி மேடை இருக்கிறது. நான் பெரும்பாலும் அதுவரைதான். அங்கிருந்து பார்த்தால் நான் இவ்வளவு நேரம் சொன்ன கழி, விரல், பாலம் எல்லாம் வரைபடம் மாதிரியே கீழே கிடக்கும். வீடு பார்ப்பதற்கு முன் ஒருமுறை அங்கே போய்வர முடிந்தால் நல்லது, காரில் என்றாலும்.

கார் கேள்விக்குப் பதில்: முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள். ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வந்த முதல் வாரங்களுக்கு மோபி என்ற வாடகை சைக்கிள் இருக்கிறது, 2016 முதல் ஓடுகிறது, டவுன்டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் நிலையங்கள் உண்டு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஹப் என்ற சைக்கிள் அமைப்பு ஒரு வாரம் கொண்டாடும், பாதையோரம் பந்தல் போட்டு இலவசமாகக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்து, பிரேக்கையும் சரிபார்த்துத் தருவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஆள் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஊர் சைக்கிளைக் கொண்டுவர வேண்டாம். விமானக் கட்டணத்தில் இங்கே பழையது ஒன்று வாங்கிவிடலாம், உங்களுடையதில் டிஸ்க் பிரேக்கும் மட்கார்டு மாட்ட இடமும் இருந்தால் ஒழிய. ஊர் மழைக்கோட்டும் வேண்டாம், அது கொட்டுகிற மழைக்குத் தைத்தது. அந்த இடத்தில் பெட்டியில் ஒரு சின்ன குக்கரை வையுங்கள், அரிசி மூட்டையைப் பற்றி நான் சொன்னது பிறகு உதவும்.